நாளொன்றுக்கு ஏழு தப்படி

"'நேத்து வரைக்கும் அறுநூத்து நாப்பது தப்படி. இன்னிக்கு அறுநூத்து நாப்பத்தேழு. என் கால்ல தப்பில்ல, இந்த வீட்டுலதான் தப்பு.' இதைத்தானே சொல்றீங்க? காலையிலேர்ந்து நாலு தடவை சொல்லியாச்சு. அஞ்சாவது தடவை சொன்னீங்கன்னா இந்த உப்புமாவைக் கொண்டுபோய் மொட்டைமாடியில காக்காய்க்கு வச்சிடுவேன்" என்று சுகந்தி கரண்டியை வாணலியில் ஓங்கித் தட்டினாள்.

அவள் கணவர் தணிகாசலம் மேஜையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய்த் தன் டம்ளரைக் கண்டுபிடித்தார். "காக்காய்க்கு வை, வேண்டாங்கல. ஆனா அந்த ஏழு தப்படி எங்கேர்ந்து வந்துச்சு? அதைச் சொல்லிட்டு வை."

அவர் முப்பத்தொரு வருஷம் அரசாங்க சர்வேயராக இருந்தவர். சங்கிலி பிடித்து நிலம் அளந்து, முள்ளிலும் சேற்றிலும் நடந்து நடந்து, நூறு தப்படி வைத்தால் சரியாக எழுபத்தைந்து மீட்டர் வரும்படி காலைப் பழக்கி வைத்திருந்தவர். ஊருக்குக் கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் அறிவியல் தொழில்நுட்பப் பூங்கா ஒன்று வரப்போகிறது, அது வந்தால் ஊர் முழுக்க அதைப் பார்த்து வளரும் என்று மேலிடத்தில் முடிவானபோது, அந்த முந்நூற்றுப் பதினெட்டு ஏக்கரையும் பதின்மூன்று மாதம் அளந்து கல் நட்டவர். அங்கே கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பி முடிப்பதற்குள் சர்க்கரை வியாதி அவருடைய கண்கள் இரண்டையும் தின்று முடித்துவிட்டதால், தான் அளந்து கொடுத்த இடத்தில் என்னதான் வந்தது என்று பார்க்காமலே போனவர்.

பார்வை போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு நடை. காலை ஆறரைக்கு அடுக்ககத்தின் இரும்பு கேட்டைத் திறந்து, திரும்பி நின்று தாழ்ப்பாள் போட்டு, அறுநூற்று நாற்பது தப்படி எண்ணிக்கொண்டே பக்கிரியின் டீக்கடைக்குப் போவார். பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரையில்லாத டீ குடித்து, யாராவது பேப்பரை உரக்கப் படித்தால் கேட்டு, மறுபடி அறுநூற்று நாற்பது எண்ணிக்கொண்டு வந்து கேட்டின் தாழ்ப்பாளில் கை வைப்பார். கையைப் பிடித்து அழைத்துப் போக யாரையும் விடமாட்டார். போனையும் ஃபிரிட்ஜின் மேலேயே வைத்துவிட்டுப் போவார். நடுவழியில் அது அடித்தால் எண்ணிக்கை போய்விடும். ஒருமுறை சுகந்தி பால்கனியிலிருந்து "வரும்போது கறிவேப்பிலை!" என்று கத்தியதில் இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை அறுந்து, கேஸ் குடோன் சுவரைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றவரை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசியதும் ஒரே வாக்கியம்தான்: "நான் எண்ணும்போது மட்டும் வாயைத் திறக்காதே, மத்த நேரம் எல்லாம் உன்னோடதுதான்."

ஆகவே அவர் ஏழு தப்படி கூடிவிட்டது என்றால் கூடித்தான் இருக்க வேண்டும் என்று சுகந்திக்கும் உள்ளுக்குள் தெரியும். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி, கட்டிடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே மதில்மூலையில், மக்கும் குப்பை டிரம்மை ஒட்டி, முட்டி உயரத்துக்கு ஒரு சர்வே கல் உண்டு. இந்த மனைப்பிரிவை அளந்தபோது தணிகாசலமே நின்று நட்டது. டிரம் இருந்தது, மூலை இருந்தது, கல் இல்லை. மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். முள்செடிக்கு நடுவில், அவருடைய கால் கணக்கில் சரியாக ஏழு தப்படி தள்ளி, கல் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. மதிலில் ஒரு கீறல் இல்லை. இரண்டாம் மாடி சன்ஷேடில் இருந்த காக்கைக்கூட்டில் ஒரு குச்சிகூடக் கலையவில்லை. கல் நடக்காது என்பதால், நடந்தது கட்டிடம்தான். "சரிதான்" என்று சொல்லிக்கொண்டு, அடி பிடிக்கும் என்ற ஞாபகம் வந்து மேலே ஓடினாள்.

"உங்க கால்ல தப்பில்ல" என்றாள்.

"அதைத்தானே சொன்னேன்" என்று அவர் உப்புமாவில் கிடந்த மிளகாயை விரலால் கண்டுபிடித்து ஓரமாக வைத்தார்.

ஏன் நடந்தது என்று கேட்டால் அதற்கும் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. போன வருஷம் பாரிஜாத் என்க்ளேவ் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற செயலாளர் ரகோத்தமன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: காலியாகக் கிடக்கும் வீடுகளுக்குப் பூங்காவில் வேலை செய்கிற பிள்ளைகள் குடிவர வேண்டுமானால், வாசலில் 'டெக் பார்க்கிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று போர்டு வைக்க வேண்டும். ஆட்டோவில் போனால் நாற்பது நிமிடம்; எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் எதற்கெடுத்தாலும் கையைத் தூக்கப் பழக்கப்பட்ட சுகந்தி, மேலே குக்கர் மூன்றாவது விசில் போட்டுக்கொண்டிருந்தபடியால், என்ன தீர்மானம் என்றுகூடக் கேட்காமல் எல்லாருக்கும் முந்தித் தூக்கிவிட்டு ஓடினாள். 'ஏகமனதாக நிறைவேறியது' என்று ரகோத்தமன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். போர்டு வந்தது. நாற்பது நிமிடத்தை ஐந்து நிமிடம் என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்க வெட்கப்பட்ட ஒரே பிறவி அந்த வளாகத்திலேயே அந்தக் கட்டிடம்தான் போலிருக்கிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாளொன்றுக்கு ஏழு தப்படி வீதம் கிழக்கே கிளம்பிவிட்டது.

எப்போது நகர்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. அடுப்பில் வைத்த பால் மாதிரி. முறைத்துக்கொண்டு நின்றால் ஒன்றும் ஆகாது, தலையைத் திருப்பினால் காரியம் முடிந்திருக்கும்.

முதல் வாரம் ஆளுக்காள் பால்கனியில் நின்று ஆச்சரியப்பட்டார்கள், இரண்டாவது வாரம் பழகிவிட்டார்கள், மூன்றாவது வாரம் இது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று குறைப்பட ஆரம்பித்தார்கள். மின்வாரிய லைன்மேன் கம்பத்தில் ஒரு பெரிய வளையம் கேபிளைச் சுற்றிவைத்து, "மாசாமாசம் அவுத்து விட்டுக்குங்க சார்" என்று சொல்லிப் போனார். ஆழ்துளைக் கிணறு நடக்காது என்பதால் அது பழைய இடத்திலேயே மூடிபோட்ட குழாயாக நின்றுவிட, தண்ணீர் லாரி வந்தது. முதல் மாடி நிர்மலா தன் கொடியில் துணி உலர்த்திவிட்டு, "நேத்து இந்த வெயில் எனக்கு வராது, இன்னிக்கு வருது பாருங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கூரியர்காரன் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டருகே நின்று, "போன தடவை நீங்க இங்க இல்லையே மேடம்" என்பான், "போன தடவை நீயும்தான் மீசை வச்சிருந்தே, நான் கேட்டேனா?" என்று சுகந்தி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

பாரிஜாத் மட்டுமல்ல. புறவழிச்சாலையில் 'பார்க்குக்கு மிக அருகில்' என்று போர்டு வைத்த ஒரு கல்யாண மண்டபமும், 'பார்க்கின் இதயத்தில்' என்று துண்டுச்சீட்டு அடித்த ஒரு பல் ஆஸ்பத்திரியும், நீச்சல் குளத்தோடு கூடிய ஒரு பள்ளிக்கூடமும் கிளம்பிவிட்டன. நாலாப் பக்கத்திலிருந்தும் அவை ஐஸ்காரனைச் சுற்றும் பிள்ளைகள் போல அந்தப் பூங்காவைப் பார்த்து நெருக்கியடித்துக்கொண்டு போயின. தலைநகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, மடிக்கணினியில் ஊரின் வரைபடத்தைப் போட்டு, எல்லா மூலையிலிருந்தும் நடுவுக்கு அம்புக்குறி வரைந்து, "வளர்ச்சியை இழுப்பதுதான் இதுபோன்ற பூங்காவின் வேலை, எல்லா நாட்டிலும் நடப்பதுதான், இங்கே கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறது" என்று சொல்லி, சங்கம் கொடுத்த முந்திரி பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

போர்டு வைக்காதவை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ரேஷன் கடை இருந்தது, சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கும் அரசாங்க சுகாதார நிலையம் இருந்தது, பஸ் நிறுத்தம் இருந்தது, பக்கிரியின் டீக்கடை இருந்தது.

தணிகாசலம் முதலில் இதைக் கொண்டாடவே செய்தார். ஏழு வருஷம் கழித்து அவருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. காலையில் பல் தேய்க்கும்போதே, "இன்னிக்கு எண்ணூத்து ஒண்ணு" என்பார். சுகந்தி தோசை வார்த்துக்கொண்டே, "ஆமா, பெரிய பட்டாபிஷேகம்" என்பாள். போகும்போது எண்ணிக்கை சரியாக வந்தால், திரும்பும்போதும் அதேதான். பக்கிரி கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு நாள்கூடத் தப்பலய்யா, கவர்மென்ட் ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல" என்று கட்டிடத்தைப் புகழ்வார். தொள்ளாயிரம் ஆனது, ஆயிரம் ஆனது. கால் வீங்கியது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு சுகந்தி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மறுநாளும் போனார்.

"டீதானே? இதே டீயை நான் போட்டுத் தரேன். வேணும்னா கிளாஸைக் கழுவாம தரேன், பக்கிரி கடை மாதிரியே இருக்கும்."

"டீக்காகவா போறேன்?" என்றார் அவர். யார் கையையும் பிடிக்காமல் ஓர் இடத்துக்குப் போய், யார் கையையும் பிடிக்காமல் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறவரைக்கும்தான் தான் தணிகாசலம், அது போனால் சோபாவில் வைத்த ஒரு சாமான் என்று அவர் நினைப்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

எழுபதாவது நாள், ஒரு வியாழக்கிழமை, பூங்காவில் புதிதாக ஏதோ ஆராய்ச்சி மையம் திறந்தார்கள். அந்த உற்சாகமோ என்னவோ, கட்டிடம் அன்று வழக்கத்தை மீறி, அவர் டீக்கடையில் இருந்த நேரத்தில் ஒரேயடியாக நாற்பது தப்படி போய்விட்டது. அவர் ஆயிரத்து நூற்று முப்பது எண்ணி முடித்து வந்து நின்றார். சுகந்தி பால்கனியிலிருந்து பார்த்தாள். வெறும் பொட்டலில், அவர் கையை நீட்டிக் காற்றில் தாழ்ப்பாளைத் தேடி, கிடைத்த மாதிரியே விலக்கி, கேட்டைத் தள்ளி, உள்ளே ஒரு அடி வைத்து, பழக்கம் மாறாமல் திரும்பி நின்று தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு மாடிப்படிக்காகக் காலைத் தூக்கினார். படி இல்லை. தூக்கிய கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றார்.

சுகந்தி வாயைத் திறந்தாள். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கத்தினால் எண்ணிக்கை போய்விடும் என்ற பயம் அவ்வளவு பழகியிருந்தது. "அம்மா, சார் அங்க நிக்குது, வீடு இங்க இருக்குது" என்று ஒடிசாக்கார வாட்ச்மேன் திலீப்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தான். கையைப் பிடித்துத்தான் கூட்டிவந்தான்.

அன்று மத்தியானம் தணிகாசலம் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நின்னதுதான் தப்பு. இனிமே வீடு இல்லேன்னா நிக்க மாட்டேன். எண்ணிக்கிட்டே அதே கோட்டுல நேரா போய்க்கிட்டே இருப்பேன். அது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும், அந்த இடத்தை அளந்தவனே நான்தானே. எப்படியும் போய்ப் பிடிச்சிடுவேன்."

"பஸ்ஸா பிடிக்கிறதுக்கு?" என்றாள் சுகந்தி.

ஞாயிற்றுக்கிழமை அவள் அவசரக் கூட்டம் கேட்டாள். இருபத்துநான்கு வீட்டில் ஒன்பது வீடு வந்தது. போர்டைக் கழற்றுங்கள், தீர்மானத்தை ரத்து செய்யுங்கள், இருக்கிற இடத்தில் இந்தக் கட்டிடம் நிற்கட்டும் என்றாள். எல்லாரும் அவளை மிகுந்த அன்போடு பார்த்தார்கள்.

"மேடம், தீர்மானம் ஏகமனதானது" என்று ரகோத்தமன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். "முதல் கை உங்களோடது. நானே எழுதியிருக்கேன் பாருங்க."

"குக்கர் சார்! குக்கர் கத்திக்கிட்டிருந்தது!"

"குக்கரை நான் நோட்ல எழுத முடியாதே."

"சாருக்கு ஒரு ஆள் வச்சிடுங்களேன்" என்றாள் நிர்மலா. "டீ வாங்கிட்டு வர ஆப் இருக்கு ஆன்ட்டி" என்றான் புதிதாகக் குடிவந்த பூங்காப் பையன். அவரை ஒரு சக்கரம் வைத்த நாற்காலியில் வைத்து எல்லாரும் முறைபோட்டுத் தள்ளலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். சொன்னவர் உண்மையிலேயே நல்ல மனுஷன், சொன்னால் தள்ளவும் தள்ளுவார்.

பிறகு ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், யோசிச்சுப் பாருங்க. பிரச்சினை கட்டிடம் போறது இல்ல. போய்ச் சேராததுதான். இந்த வேகத்துல ஆறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சார் எண்ணிக்கிட்டே இருக்கணும். 'ஐந்தே நிமிடம்'ங்கறதை அழிச்சுட்டு 'டெக் பார்க் வாசலில்'னு எழுதிடுவோம். போய்ச் சேர்ந்துடும். சேர்ந்துட்டா நின்னுடும் இல்லையா? அப்புறம் சார் புதுசா ஒரு டீக்கடை, புதுசா ஒரு எண்ணிக்கை. ஒரே தடவை. முடிஞ்சுது."

சுகந்தி இந்த முறை அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. நின்றுவிடும் என்ற வார்த்தை மட்டும் மற்ற வார்த்தைகளைவிடச் சத்தமாக விழுந்தது. சுற்றிலும் எட்டுக் கை தூக்கியிருந்தது. அவளும் தூக்கினாள்.

பெயிண்டர் அன்றைக்கே வந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை தணிகாசலம் பல் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார். "இதுதான் கடைசி நாளா இருந்தாலும் இருக்கும், போய் பக்கிரிகிட்ட சொல்லிட்டு வந்திடறேன், மனுஷன் எதிர்பார்ப்பான்" என்று சட்டையைப் போட்டுக்கொண்டார். சுகந்தி பட்டனை ஒன்று தள்ளிப் போட்டிருந்ததைச் சரிசெய்தாள். போகாதீங்க என்று சொல்ல வந்தாள். அதற்குள் அவர் படியிறங்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். அவர் எண்ணும்போது அவள் பேசுவதில்லை.

அவள் தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்துவிட்டுத் திரும்பியபோது சமையலறை ஜன்னலில் வேப்பமரம் இல்லை. நீலக் கண்ணாடிச் சுவர் இருந்தது. அதற்குள் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வாசலில் யாரோ கை தட்டினார்கள். ரகோத்தமன் மைசூர்பாக்கு டப்பாவோடு ஒவ்வொரு வீடாகப் படியேறிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜின் மேல் தணிகாசலத்தின் போன் இருந்தது.

செருப்பைக்கூட மாற்றாமல் ஆட்டோ பிடித்து அவள் டீக்கடைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் கட்டிடங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்ததில் அவ்வளவு நெரிசல். பக்கிரி கிளாஸைக் கழுவியபடியே, "சார் கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சும்மா. சிரிச்ச முகமாத்தான் போனாரு. 'இன்னையோட வீடு நிக்கப் போகுது'ன்னாரு" என்றான்.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது தப்படி எங்கே என்று அவளுக்குத் தெரியும். காலையில் அங்கே கேட் இருந்தது. இப்போது மண்ணில் கட்டிடம் அழுத்தியிருந்த தடமும், தண்ணீர் லாரிக்காரன் விட்டுப்போன ஒரு துண்டுக் குழாயும் இருந்தன. தடத்தின் ஓரத்தில் செருப்புக் கால் பதிந்திருந்தது. நின்ற கால் இல்லை. திரும்பிய கால் இல்லை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், நேராகக் கிழக்கே போய், சிமென்ட் சாலை தொடங்குமிடத்தில் முடிந்திருந்தது. சாலை வளைந்து போகிறது. அவர் வளைய மாட்டார். தகர வேலிகளுக்குப் பின்னால், இன்னும் வந்து சேராத கட்டிடங்களுக்கு நடுவே, தான் பதின்மூன்று மாதம் அளந்த இடத்தைப் பார்த்து, அந்தக் கோட்டில் அவர் போய்க்கொண்டிருப்பார். மூவாயிரமா? ஐயாயிரமா? பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பதினாறாயிரம் தப்படி என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருந்தார். எத்தனையில் இருக்கிறார் என்று தெரிந்தால் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவரைக் காணோம் என்று எழுதினாள். புது வாசலின் போட்டோக்களுக்கு நடுவே அவள் எழுதியதற்குக் கீழே யாரோ கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டார்கள். தகர வேலி தகர வேலியாக ஓடிப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது, ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். கூப்பிட்டு, அது அவர் காதில் விழுந்து, எண்ணிக்கை அறுந்துபோனால், அவருக்கு வீடு எவ்வளவு தூரம் என்பதே இல்லாமல் போய்விடும்.

வெயில் ஏறியபோது அவள் பூங்காவுக்குப் போகும் பெரிய சாலையின் சிக்னலில் நின்றாள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கறுப்புக் கண்ணாடி, உள்ளே ஏசி, காதில் வெள்ளை மொட்டு வைத்த பிள்ளைகள். கதவைத் தட்டினாள், ஜன்னலைத் தட்டினாள். விளக்கு பச்சையாக, பஸ் போனது. அடுத்த பஸ் வந்தது, அதையும் தட்டினாள். அதுவும் போனது. இப்போது நின்றது பத்தாவதா பதினோராவதா என்று அவளுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி கையைத் தூக்கிக்கொண்டு, தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்:

"போற வழியில வெள்ளைச் சட்டை போட்டவர் ஒருத்தர் தனியா எண்ணிக்கிட்டே போவாரு. அவரை நிறுத்தாதீங்க, பேச்சுக் கொடுக்காதீங்க, கையைப் பிடிக்காதீங்க. சும்மா பக்கத்துல போய், எத்தனையாவதுல இருக்காருன்னு மட்டும் காதுல வாங்கிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்களேன்."